6. மண்டபம் பிடிக்கும்போது உழைப்பவர் பக்கம் நில்லுங்கள்

விழாக் குழு மண்டபம் பார்க்கப் போனால் முன்வாசல் வழியாகத்தான் போகும். மேடையின் அகலம், நாற்காலிக் கணக்கு, கார் நிறுத்த இடம், ஒரு பந்திக்கு எத்தனை இலை என்று பார்த்துவிட்டு வாடகையைப் பேசும். அட்வான்ஸ் கொடுத்து ரசீது வாங்கியதும் வேலை முடிந்தது என்று திரும்பிவிடும். இந்த அத்தியாயம் உங்களைப் பின்வாசல் வழியாகவும் ஒருமுறை போய்வரச் சொல்கிறது. கோட்டை அடுப்பு எரியும் கொட்டகை, பாத்திரம் தேய்க்கும் தொட்டி, எச்சில் இலை குவியும் மூலை, வாட்ச்மேன் படுக்கும் பெஞ்சு எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அந்த மண்டபம் எப்படிப்பட்டது என்பதை மேடையைவிட இந்த இடங்கள் தெளிவாகச் சொல்லும்.

எனக்கு இது தாமதமாகத்தான் புரிந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வாசகர் வட்டத்தின் ஆண்டு விழா நல்லபடியாக முடிந்தது. இரவு பதினொரு மணிக்குக் கணக்குப் பார்க்கப் பின்கட்டுக்குப் போனேன். இலை எடுத்த நான்கு பெண்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கூலி கைக்கு வரவில்லை, கடைசி பஸ்ஸும் போய்விட்டது. மண்டபத்து மேலாளர் சமையல் கான்ட்ராக்டரைக் கை காட்டினார். கான்ட்ராக்டர் எங்களைக் கை காட்டினார். யாருக்கு எவ்வளவு, யார் கையால், எத்தனை மணிக்கு என்று நாங்கள் எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. அன்று கையிலிருந்ததைப் போட்டுக் கொடுத்து, ஆட்டோ பிடித்து அனுப்பிவைத்தோம். அது தீர்வு இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

சமூகக் குழுக்கள் இடம் பிடிக்கும்போது தொழிற்சங்கங்களை ஆதரிக்க வேண்டுமா என்று பல குழுக்கள் என்னிடம் கேட்டிருக்கின்றன. வேண்டும் என்பதே என் பதில். குடியிருப்போர் நலச்சங்கம், சபா, பஜனை மண்டலி, பழைய மாணவர் மன்றம், ரத்ததானக் குழு எதுவானாலும், தனி ஆளாகச் செய்ய முடியாததைச் சேர்ந்து செய்யலாம் என்றுதான் கூடுகிறது. சமையல்காரரும் சுமைதூக்குபவரும் அதே காரணத்துக்காகக் கூடினால் அதைச் சந்தேகத்தோடு பார்க்க நமக்கு நியாயமில்லை. ஆதரவை எந்த வடிவத்தில் தருவது, எங்கே எழுதி வைப்பது, தகராறு வந்தால் என்ன செய்வது என்பதை இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இந்த ஊருக்குப் புதிய கேள்வி இல்லை

திருச்சி கோயில் ஊர் மட்டுமில்லை, ரயில் ஊரும்கூட. தென்னிந்திய ரயில்வே தன் பணிமனையை நாகப்பட்டினத்திலிருந்து இங்குள்ள பொன்மலைக்கு மாற்றியபோது ஆட்குறைப்பு வந்தது. அதை எதிர்த்து 1928 ஜூலையில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. தொழிற்சங்கத் தலைவர்களான சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் அதற்காகச் சிறை சென்றார்கள். 1946இல் மறுபடியும் வேலைநிறுத்தம். அந்த ஆண்டு செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் மலபார் ஸ்பெஷல் போலீஸ் சுட்டதில் தொழிலாளர் ஐந்து பேர் இறந்தார்கள். ஒவ்வொரு செப்டம்பர் 5 அன்றும் பொன்மலை சங்கத் திடலில் அவர்களை நினைத்துக் கூட்டம் நடக்கிறது.

கூடுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்பது தொழிலாளருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சங்கத் திடல் என்ற பெயரே சொல்கிறது. நமக்கு மண்டபம் என்பது ஒருநாள் தேவை. அவர்களுக்குத் திடல் என்பது சங்கம் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அடையாளம்.

பொன்மலையில் இன்னொரு பெயரும் நினைவுக்கு வருகிறது. ரயில்வே தொழிலாளருக்குச் சமைத்துப் போட்டுப் பிழைத்த தாயின் மகளாக அங்கே வளர்ந்தவர் பாப்பா உமாநாத். தொழிற்சங்கத்திலும் மாதர் இயக்கத்திலும் தலைவராகி, 1989இல் திருவெறும்பூர் தொகுதியில் வென்று சட்டமன்றத்துக்குப் போனார். நம் விழாவில் சமையல்கட்டில் நிற்கும் பெண்ணைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்வது நல்லது.

நம் ஊரில் ஆதரவு என்றால் என்ன

அமெரிக்காவில் சங்கம் உள்ள விடுதி, சங்கம் இல்லாத விடுதி என்று பட்டியல் பார்த்தே மாநாட்டுக்கு இடம் பிடிக்கும் அமைப்புகள் உண்டு. அந்த முறையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பொருந்தாது. திருச்சி, ஸ்ரீரங்கம் மண்டபங்களில் வேலை செய்யும் பெரும்பாலோர் மண்டபத்தின் சம்பளப் பட்டியலிலேயே இருப்பதில்லை. அன்றன்றைய கூலிக்கு, முகூர்த்தம் இருந்தால் வேலை என்று கான்ட்ராக்டர் கூப்பிட்டு வருபவர்கள் அவர்கள். சங்கம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் ‘இல்லை’ என்ற ஒரே பதிலோடு பேச்சு முடிந்துவிடும். ஆகவே மூன்று படிகளாகப் பாருங்கள்.

முதல் படி கூலி. நம் விழாவில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் சட்டப்படியான கூலி அன்றே கிடைக்க வேண்டும்.

இரண்டாம் படி உரிமை. அவர்கள் சங்கத்தில் சேர்ந்தாலோ நல வாரியத்தில் பதிந்தாலோ வேலையை விட்டு நிறுத்தாத இடமாக இருக்க வேண்டும். சங்கத்தோடு கூலி ஒப்பந்தம் போட்ட இடம் கிடைத்தால் அதற்கே முதலிடம் கொடுங்கள்.

மூன்றாம் படி தகராறு. வேலைநிறுத்தமோ கதவடைப்போ நடக்கும் இடத்தில் நம் விழாவை வைக்கக் கூடாது.

யார் யாருடைய ஆள்?

கேள்வி கேட்பதற்கு முன் இதைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். மேலாளர், வாட்ச்மேன், எலெக்ட்ரீஷியன், துப்புரவுப் பணியாளர் பெரும்பாலும் மண்டபத்தின் ஆட்கள். சமையல்காரர், உதவியாள், பரிமாறுபவர், இலை எடுப்பவர், பாத்திரம் தேய்ப்பவர் சமையல் கான்ட்ராக்டரின் ஆட்கள். பந்தல்காரர், மைக் செட், சீரியல் செட், பூ அலங்காரம் தனித்தனி ஆட்கள். அரிசி மூட்டையும் காய்கறியும் இறக்குபவர்கள் இன்னொரு கூட்டம். காந்தி மார்க்கெட்டில் சுமைப்பணித் தொழிலாளர்கள் சங்கங்களாகத் திரண்டவர்கள். அங்கே கொள்முதல் செய்யும்போது ஏற்றுக்கூலி, இறக்குக்கூலியில் பேரம் பேசாதீர்கள். அரிசி விலையில் பேசுங்கள், முதுகில் மூட்டை சுமப்பவரிடம் வேண்டாம்.

சில மண்டபங்கள் தங்கள் கான்ட்ராக்டரைத்தான் வைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும். அப்படியானால் அவருடைய ஆட்களின் கூலிக்கும் மண்டபமே பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். ஒப்பந்ததாரர் கூலி தராமல் போனால் முதன்மை வேலையளிப்பவர் தர வேண்டும் என்பது 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இடம்பெற்ற கொள்கை. அதையே நம் அளவில் கேட்கிறோம்.

அட்வான்ஸ் கொடுக்குமுன் கேட்க வேண்டியவை

மேலாளரிடம் கேளுங்கள். பிறகு, அவர் பக்கத்தில் இல்லாதபோது வேலை செய்பவர்களிடமும் மெதுவாகக் கேளுங்கள். “அக்கா, இங்கே எத்தனை வருஷமா வர்றீங்க? கூலி அன்னைக்கே வந்துடுமா?” என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும். பெயர், ஊர் கேட்டுத் துருவ வேண்டாம். நம்மால் அவர்களுடைய வேலைக்குத் தொந்தரவு வரக் கூடாது.

• எத்தனை பேர், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை வேலை செய்வார்கள்? காலை ஐந்து மணிக்கு அடுப்பு பற்றவைத்தவரே இரவுப் பந்திக்கும் நிற்கப் போகிறாரா, ஆள் மாறுமா?

• கூலி யார் கையால், எப்போது?

• வேலை செய்வோர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா? உடலுழைப்புத் தொழிலாளருக்காகத் தமிழ்நாடு 1982இலேயே தனிச்சட்டம் கண்டது. அதன் வழியே பல தொழில்களுக்கு நல வாரியங்கள் வந்தன. சமையல் தொழிலாளருக்கும் தனி வாரியம் உண்டு. பதிந்தவர்களுக்கு விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, ஓய்வூதியம் போன்றவை கிடைக்கும். பதியாதவர்கள் இருந்தால், விழாவுக்கு முன் ஒரு நாள் உங்கள் குழு இளைஞர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டுக் கொடுக்கலாம். பொன்னாடை வாங்கும் செலவுகூட இதற்கு ஆகாது.

• உட்கார இடம் இருக்கிறதா? கடை, நிறுவன ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டத்தைத் திருத்தியது. ஜவுளிக்கடைப் பெண்கள் பட்ட பாட்டுக்குக் கிடைத்த பலன் அது. மண்டபத்துப் பின்கட்டிலும் நாலு ஸ்டூல் கேட்பதில் தவறில்லை. பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் உடை மாற்ற மறைவும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

• வேலை செய்வோரில் சிறுவர்கள் உண்டா? 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களை எந்த வேலையிலும் வைப்பது குற்றம். தண்ணீர் ஊற்றும் பையன்தானே என்று விடாதீர்கள். கண்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குத் தகவல் சொல்லுங்கள்.

• கழிவுநீர்த் தொட்டி நிறைந்தால் என்ன செய்வார்கள்? கூட்டம் மிகுந்த நாளில் இது நடக்கும். லாரி வர வேண்டும், மனிதர் இறங்கக் கூடாது. மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இப்படி இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. எந்தத் தொகையும் ஓர் உயிருக்கு ஈடாகாது. நம் விழா நாளில் அப்படி ஒன்று நடக்க விடக் கூடாது.

ஒப்பந்தத் தாளில் நான்கு வரி

வாய்ப்பேச்சு விழா நாளன்று உதவாது. மண்டப ரசீதின் பின்பக்கம் வாடகை நேரம், மின்சார யூனிட், ஜெனரேட்டர் டீசல், கிளீனிங் சார்ஜ் என்று நிபந்தனைகள் அச்சடித்திருக்கும். அவற்றோடு தனித்தாளில் இந்த நான்கையும் சேர்த்து இரு தரப்பும் கையெழுத்திடுங்கள்.

1. விழாவில் வேலை செய்யும் அனைவருக்கும், அன்றைய தேதியில் நடப்பில் உள்ள சட்டப்படியான குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல், வேலை முடிந்த அன்றே கூலி தரப்படும்.

2. இரவு பத்து மணிக்கு மேல் வேலை நீண்டால் கூடுதல் கூலியும், வீடு போய்ச்சேர வண்டியும் ஏற்பாடு செய்யப்படும்.

3. வேலை செய்வோர் அனைவருக்கும் விருந்தினருக்குப் பரிமாறிய அதே சாப்பாடு, உட்கார்ந்து சாப்பிட நேரத்தோடு தரப்படும்.

4. மண்டபத்திலோ கான்ட்ராக்டரிடமோ தொழில் தகராறு, வேலைநிறுத்தம், கதவடைப்பு ஏற்பட்டால், குழு முன்பதிவை ரத்து செய்யலாம். கட்டிய பணம் முழுதும் திருப்பித் தரப்படும்.

முதல் வரியில் சட்டத்தின் பெயரைக் குறிப்பிடாததற்குக் காரணம் உண்டு. பழைய தொழிலாளர் சட்டங்கள் பலவற்றைச் சேர்த்து ஒன்றிய அரசு இயற்றிய நான்கு தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. பழைய சட்டத்தின் பெயரை எழுதினால் நாளை அதை வைத்தே தட்டிக்கழிக்க முடியும். ‘நடப்பில் உள்ள சட்டப்படி’ என்று எழுதினால் எந்த நாளுக்கும் பொருந்தும். கூலி எவ்வளவு என்பதை மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டு, அந்தத் தொகையையும் எண்ணால் எழுதிவிடுங்கள்.

மாதம் பார்த்துப் பேசுங்கள்

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. தில்லை நகரிலும் உறையூரிலும் மண்டபங்கள் காற்றாடும். சமூகக் குழுக்களுக்கு வாடகை குறையும் காலம் அது. ஸ்ரீரங்கத்தில் நிலைமை நேர்மாறு. மார்கழியில் பகல்பத்து, இராப்பத்து, வைகுண்ட ஏகாதசி என்று உத்திர வீதியிலும் சித்திர வீதியிலும் உள்ள சத்திரங்களில் யாத்ரிகர் நிறைந்துவிடுவார்கள். ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபம் படித்துறைப் பக்கம் கால் வைக்க இடமிருக்காது.

இதிலிருந்து இரண்டு பாடம். முகூர்த்தமில்லாத மாதத்தில் வாடகையைக் குறைத்துக் கேளுங்கள், கூலியை மட்டும் குறைத்துக் கேட்காதீர்கள். அந்த மாதங்களில்தான் சமையல் உதவியாளுக்கும் இலை எடுப்பவருக்கும் வேலையே அருகிப்போகிறது. என்ன கொடுத்தாலும் வருவார்கள் என்பதால் குறைத்துக் கொடுப்பது அவர்கள் வயிற்றில் அடிப்பதாகும். நெரிசல் காலத்தில் ஸ்ரீரங்கத்தில் விழா வைத்தால், வேலை செய்வோருக்கு இரட்டை வேலை இருக்கும் என்பதை நினைத்து ஆளைக் கூட்டச் சொல்லுங்கள்.

வேலைநிறுத்தம் வந்துவிட்டால்

2004இல் சான்பிரான்சிஸ்கோ விடுதித் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். விடுதிகள் கதவடைப்புச் செய்தன. அமெரிக்க மானிடவியல் சங்கம் அங்கே நவம்பரில் நடத்தவிருந்த ஆண்டு மாநாட்டை அட்லாண்டாவுக்கு மாற்றி டிசம்பரில் நடத்தியது. அமெரிக்க வரலாற்றாய்வாளர் அமைப்பு ஒன்றும் 2005 மாநாட்டை அங்கிருந்து சான் ஹோசேவுக்கு மாற்றியது. எடுத்த முடிவு நல்லது. ஆனால் கடைசி நேரத்தில் ஊரையும் தேதியையும் மாற்றுவது எந்த அமைப்புக்கும் பெரும்பாடு. மேலே சொன்ன நான்காவது வரியை முன்கூட்டியே எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

நம் ஊரில் அப்படி நடந்தால் இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில், குழுவிலிருந்து இருவர் போய்த் தொழிலாளர் தரப்பைக் கேட்டு வாருங்கள். எந்தச் சங்கம், என்ன கோரிக்கை, தங்கள் வேலைநிறுத்த நாளில் விழா நடப்பதை அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று நேரில் கேளுங்கள். சில சமயம் ஒரு நாள் விழாவுக்கு அவர்களே வழிவிடுவார்கள். வழிவிடாவிட்டால் அந்த வாசலைத் தாண்டாதீர்கள். அடுத்து, மண்டபத்தாரிடம் எழுத்தில் தெரிவித்துப் பணத்தைக் கேளுங்கள். மூன்றாவதாக, மாற்று இடம். பள்ளி முற்றமோ, நண்பரின் மாடியோ, கோயில் அனுமதித்தால் அதன் வெளிமண்டபமோ பாருங்கள். அழைப்பிதழில் ஒட்டும் துண்டுச் சீட்டில் காரணத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள். இடம் மாறியதற்குக் காரணம் தெரிந்தால் மக்கள் கோபப்பட மாட்டார்கள்.

வழக்கமாக எழும் மூன்று மறுப்புகள்

‘சங்கம் என்றால் கட்சி. நம் குழுவில் எல்லாக் கட்சிக்காரரும் இருக்கிறார்கள்.’ உண்மைதான். சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி., தொ.மு.ச., ஐ.என்.டி.யு.சி., பி.எம்.எஸ்., அண்ணா தொழிற்சங்கம் என்று ஆட்டோ ஸ்டாண்டுப் பலகைகளிலேயே எல்லா நிறமும் பார்க்கிறோம். எல்லாக் கட்சியும் தொழிலாளருக்குச் சங்கம் வைத்திருப்பதே, சங்கம் சேர்வது எந்த ஒரு கட்சியின் சொத்தும் இல்லை என்பதற்குச் சாட்சி. நம் தாளில் எந்தச் சங்கத்தின் பெயரும் வேண்டாம். கூலியும் உரிமையும் மட்டும் இருக்கட்டும்.

‘செலவு கூடும்.’ கணக்குப் போட்டுப் பாருங்கள். முந்நூறு பேர் வரும் விழாவில் இலை எடுக்கவும் பாத்திரம் தேய்க்கவும் ஆறு பேர். ஆளுக்கு 200 ரூபாய் கூட்டிக் கொடுத்தால் 1,200 ரூபாய். விருந்தினர் தலைக்கு 4 ரூபாய். ஒரு இனிப்பைக் குறைத்தாலே இது வந்துவிடும்.

‘நாம் சிறு குழு. நாம் கேட்டு என்ன மாறும்?’ ஒரு குழு கேட்டால் மேலாளர் சிரித்துவிட்டுப் போவார். ஒரே மண்டபத்தில் ஆண்டுக்கு நான்கைந்து குழுக்கள் அதே தாளை நீட்டினால் அதையே அச்சடித்து வைத்துக்கொள்வார். ஆகவே பக்கத்து நலச்சங்கத்துக்கும் சபாவுக்கும் இந்தத் தாளின் நகலைக் கொடுங்கள்.

உங்கள் இடத்தையும் கொடுங்கள்

ஆதரவின் மறுபக்கம் இது. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள், சங்கத்தை ஏற்கச் சொல்லி 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இடையில் அவர்களுடைய போராட்டப் பந்தலைக் காவல்துறை பிரித்துவிட்டது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. இவ்வளவு பெரிய ஆலையின் தொழிலாளருக்கே உட்கார ஒரு நிழல் பெரும் பிரச்சினையாக இருந்தது என்றால், பத்துப் பேர் கொண்ட சமையல் குழு எங்கே போய்க் கூடும்?

உங்கள் குழுவுக்குச் சொந்தமாக ஒரு கூடமோ படிப்பகமோ இருந்தால், மாதத்தில் ஒரு மாலை அதைத் தொழிலாளர் கூட்டத்துக்குக் கொடுங்கள். என்ன பேசுகிறார்கள் என்று எட்டிப் பார்க்க வேண்டாம். சாவியைக் கொடுத்து, விளக்கைப் போட்டு, குடிதண்ணீர் வைத்துவிட்டு வாருங்கள்.

விழா நாள் சரிபார்ப்பு

• காலையில்: குழுவில் ஒருவரைப் பின்கட்டுப் பொறுப்பாளராகப் போடுங்கள். மேடை வேலை எதையும் அவருக்குத் தராதீர்கள்.

• மதியம்: வேலை செய்வோருக்குத் தனிப் பந்தி. குழுவினரே பரிமாறுங்கள்.

• மாலையில்: மைக் செட், பந்தல், இறக்குக்கூலிக் கணக்கை வெளிச்சம் இருக்கும்போதே முடியுங்கள்.

• இரவில்: ஒவ்வொருவர் கைக்கும் கூலி போய்ச் சேர்ந்ததைப் பொறுப்பாளர் தானே பார்க்க வேண்டும். வண்டி ஏற்றிவிட வேண்டும்.

• நன்றியுரையில்: பேச்சாளர், நன்கொடையாளர் பெயரோடு சமைத்தவர், பரிமாறியவர், துப்புரவு செய்தவர் பெயரையும் அவர்களைக் கேட்டுக்கொண்டு வாசியுங்கள்.

எங்கள் வாசகர் வட்டம் இப்போது இந்தத் தாளோடுதான் மண்டபம் பிடிக்கிறது. அன்று படிக்கட்டில் காத்திருந்த நான்கு பேரில் ஒருவர் சென்ற முறையும் வந்திருந்தார். மேடையில் நன்றியுரை ஓடிக்கொண்டிருந்தபோது கூலியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, “எட்டரை பஸ்ஸுக்கே போயிடுவேன் தம்பி” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.